நடுவில் இருந்த பழைய விண்டோஸ்

எங்கள் அலுவலகத்தில், கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் பணிப் பதிவுகள் ஒரு பழைய புரோகிராமில் இருக்கின்றன. காகிதங்களைச் சுனாமி கொண்டுபோய்விட்டது, மிச்சம் இதுதான். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து ஓடிய டாஸ் காலத்துச் சாமான். புதிய கம்ப்யூட்டர் அதைச் சீண்டாது.

அதற்கு நான் செய்திருந்த ஏற்பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். புதிய கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராக நடிக்கும் ஒரு மென்பொருள். அதற்குள் பழைய விண்டோஸ். அதற்குள் டாஸாக நடிக்கும் இன்னொரு மென்பொருள். அதற்கும் உள்ளேதான் நம் புரோகிராம். பழைய கம்ப்யூட்டர் சாகக் கிடந்தபோது, பிரித்துப் பார்க்கப் பயந்து, அதில் இருந்ததை அப்படியே தூக்கிப் புதியதற்குள் வைத்ததால் வந்த வினை. நடுவில் அந்த விண்டோஸ் தேவைதானா என்று அப்போதே எனக்குச் சந்தேகம். “சல் ரஹா ஹை, சல்னே தோ,” என்றார் மேலதிகாரி. ஓடுகிறது, ஓடட்டும். மெயின்லேண்டிலிருந்து ஒரு திருகாணி வரவும் கப்பலைப் பார்த்திருக்கும் ஊரில், ஓடுவதை எவன் கழற்றுவான்? நானும் கழற்றவில்லை. அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரியில் வந்து, அதைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போவேன். திரும்பி வரும்போதும் அது திறந்துகொண்டுதான் இருக்கும்.

அன்று காலை கட்சாலிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கணவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். குடும்பப் பென்ஷனுக்கு அவருடைய பணிப் பதிவு வேண்டும். ஊர் திரும்ப மாலை நாலு மணிக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

“நாளன்னைக்கு அவருக்குத் தலைத்திவசம் ஐயா. நான் போய்ச் சேரணும்.”

பெயரைத் தேடினேன். நடு விண்டோஸ் உறைந்தது. மறுபடி திறந்தேன், மறுபடி உறைந்தது. மதியம் அவர் எழுந்தார்.

“நான் கெளம்பட்டுமா ஐயா?”

“பத்து நிமிஷம்மா, இதோ வந்துடும்.”

ஒரு மணிக்குச் சொன்னேன், இரண்டு மணிக்கும் சொன்னேன், மூன்றரைக்கும் அதையே சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். நாலு மணிக்குத் துறைமுகப் பக்கமிருந்து கப்பல் கிளம்பும் சங்கு கேட்டது. அவர் பையை மடியில் வைத்தபடி பெஞ்சிலேயே இருந்தார்.

எனக்கு அலுத்துவிட்டது. அத்தனையையும் இன்னொரு தரம் திறக்கத் தெம்பில்லை. பதிவுகளின் நகல் ஒன்று தனியாக இருந்தது. டாஸ் வேஷக்காரனைப் புதிய கம்ப்யூட்டரிலேயே இறக்கி, அந்த நகலை நேராக அதில் ஓட்டினேன். நடுவில் ஒன்றும் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் அவர் கணவரின் பெயர் திரையில் வந்துவிட்டது.

அச்சிட்டுக் கொடுத்தேன். பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினார்.

“இம்புட்டு வெரசா வருதே ஐயா. காலையிலயே இப்படிச் செஞ்சிருக்க முடியாதா?”

முடிந்திருக்கும். அந்தப் பழைய கம்ப்யூட்டர் செத்த அன்றைக்கே முடிந்திருக்கும். வெட்கமாக இருந்தது.

“மெஷின் இப்பத்தாம்மா சரியாச்சு,” என்றேன்.

அவர் அதை நம்பினார். எழுந்து, இரண்டு கையையும் கூப்பி எனக்கு நன்றி சொன்னார்.