தாண்டவராயனின் சுவர் வெந்நீர்

ஜமுனாமரத்தூர் தாண்டவராயன் குளியலறைச் சுவரில் கீசர் மாட்டிய நாளிலிருந்து மலையில் குளிரே குறைந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொல்லையிலிருந்த வெந்நீர் அடுப்பைக் கடப்பாரையால் இடித்து, அங்கே ரோஜாச் செடியும் வைத்தார். மகள் கவியாவின் புருஷன் முதல் விருந்துக்கு வரும்போது எண்ணெய்க் குளியலுக்குச் சுவரிலிருந்தே ஆவி பறக்கக் கொட்டும் என்று அவர் அளந்தது சம்பந்தி வீடுவரை போயிருந்தது.

விடிந்தால் மாப்பிள்ளை குணசீலனுக்குக் குளியல். நிறைந்த அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றுவதுதான் அந்த வீட்டு முறை. கீசர் தண்ணீரோ கால் அண்டா நிறைவதற்குள் ஆறிப்போனது.

தாண்டவராயன் குமிழைத் திருகினார், தட்டினார், எலுமிச்சம்பழம் கட்டினார். வயரை அவர் முறைத்த முறைப்பில் அது உருகாததே அதிசயம். கடைசியில் எலக்ட்ரீஷியன் விஜயராஜ் வந்து கழற்றிப் பார்த்துச் சிரித்தான்.

"கோளாறு ஒண்ணும் இல்லீங்க. இதோட வயிறே ஒரு குடந்தான். குழாயத் தொறந்து வுட்டு அண்டாவ ரொப்புனா, பின்னால வர்ற பச்சத்தண்ணி சுடுதண்ணியயும் கெடுத்துடுது. பக்கெட்ல புடிங்க, நிறுத்துங்க, மறுபடி காய வுடுங்க."

தலையில் எண்ணெயோடு மாப்பிள்ளையைக் காக்க வைப்பதா? விஜயராஜை அனுப்பிவிட்டுத் தாண்டவராயன் கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கோழி கூவுமுன் மனைவி ரேணுகாதேவி ரோஜாச் செடியைப் பிடுங்கி எறிந்தாள். மூன்று கல்லைக் கூட்டி விறகை மூட்டினாள். அண்டா தளதளவென்று கொதித்தது. அதை உள்ளே தூக்கப்போனவளைத் தாண்டவராயன் மறித்தார்.

"சுடுதண்ணி எங்கேருந்து வந்தா இன்னாங்க?"

"சொவத்துலேருந்து வரணும்டி. சொல்லிட்டேன்."

கீசர் குழாய்க்குத் தண்ணீர் இறங்கும் மொட்டை மாடித் தொட்டியைக் காலி செய்து, கொதிநீரைக் குடங்குடமாகச் சுமந்து ஏறி ஊற்றினார். ஏறி இறங்கியதில் அவர் முழங்கால் நம் மலைப்பாதையைவிட அதிகமாக வளைந்துபோயிற்று. வேட்டியெல்லாம் கரி.

குணசீலன் குளித்து முடித்து, முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தான்.

"மாமா, இது இன்னா கம்பெனி? விடிகாலைலேருந்து கரண்டே இல்ல, அண்டா நிறைய ஆவி பறக்குது. எங்க வூட்டுக்கும் ஒண்ணு வாங்கணும்."

தாண்டவராயன் முழங்காலைத் தேய்த்தபடி அப்போதுதான் குளியலறைச் சுவரைப் பார்த்தார். கீசரின் சிவப்பு விளக்கு எரியவில்லை.

"வாங்குங்க மாப்ள," என்றாள் ரேணுகாதேவி. "ஆனா அது தனியா வேல செய்யாது. மாடியேற ஆள் ஒண்ணு சேத்து வாங்கணும்."