தையல்காரரின் வால்வுப் பெட்டி

வாயோரம் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டுதான் ராஜமாணிக்கம் பேசுவார். பேசும்போது ஊசி ஆடும், விழாது. சில வாரங்களாக அந்த இடத்தில் ரெசிஸ்டர் இருக்கிறது. நெல்மணி அளவு உடம்பு, இரண்டு பக்கமும் கம்பிக் கால். ஒரு காலை நாக்கு நுனியில் ஈரப்படுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, சர்க்யூட் போர்டின் துளைக்குள் நுழைக்கிறார். நூலுக்குத்தான் எச்சில், கம்பிக்கு எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். அடுத்த கம்பியும் நாக்குக்குத்தான் போகும்.

செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்குத் தொளதொளவென்று பருத்திக் கால்சட்டை தைப்பதுதான் பிழைப்பு. எந்தத் தையலிலும் உள்ளே இரண்டு விரல் துணியை மடித்து விட்டுவிடுவார். "இங்க ரசஞ்சோறு சாப்ட்டு இளைச்சுப்போய் நிக்கறாங்க. ஊருக்குப் போனா ஊதிடுவாங்க. அப்ப பிரிச்சு விட்டுக்கத் துணி வேணாமா?" என்பார். ஜெர்மனியில் யார் உட்கார்ந்து அதைப் பிரிக்கப் போகிறார்கள் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கத்தரிக்கோலை எடுக்க இவ்வளவு தயங்குகிற தையல்காரரை இந்த ஊரில் வேறு எங்கும் பார்க்க முடியாது.

இப்போது அவர் கையில் இருப்பது செல்போனில் பார்த்து வரவழைத்த ஒரு கிட். பழைய ரேடியோவில் இருப்பதுபோல இரண்டு சின்னக் கண்ணாடி வால்வு, கை நிறைய உதிரிப் பாகங்கள். எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பொருத்தினால், பாடுகிற செல்போனுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் உட்காருகிற ஒரு பெட்டி கிடைக்கும். பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் காசிக்கு இது பிடிபடவே இல்லை.

"சத்தத்த ஜாஸ்தி பண்ணுமாண்ணே?"

"பண்ணாது."

"அப்ப கம்மி பண்ணுமா?"

"அதுவும் பண்ணாது."

"அப்ப இன்னாத்துக்குண்ணே இது?"

ராஜமாணிக்கம் வாயிலிருந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கோட்டுக்கு லைனிங் குடுக்கறதில்ல? வெளிய பாத்தா தெரியாதுடா. போட்டுக்கினவனுக்குத்தான் தெரியும்."

வால்வுக்கு அடியில் வைக்கச் சொல்லி, ஜொலிக்கிற நீல பல்பு இரண்டும் கிட்டோடு வந்திருந்தன. வெறும் அலங்காரம். "திருவிழாவா நடக்குது இங்க?" என்று அவற்றை மட்டும் பட்டன் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அவருக்கு வேண்டியது வால்வுக்குள் தானாகத் தெரிகிற அந்தச் செம்மஞ்சள் கங்கு.

இத்தனைக்கும் காரணம் அவருடைய மனைவி மணியம்மாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் கல்யாணமாகி வந்தபோது கூடவே ஒரு வால்வு ரேடியோவும் வந்தது. நிலத்தில் விளைந்த மல்லாட்டைக் கடலையை விற்று அவருடைய அப்பா வாங்கி, ஆசை ஆசையாகக் கேட்டது. ஸ்விட்சைப் போட்டால் உடனே பாடிவிடாது. உள்ளே சூடேற வேண்டும். முதலில் ஒரு சலசலப்பு, பிறகு பக்கத்து அறையிலிருந்து நடந்து வருவதுபோலப் பாட்டு மெல்ல வரும். சாயங்காலமானால் ராஜமாணிக்கம் மெஷினில், மணியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு வரியாய் முணுமுணுப்பார்கள். சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எவ்வளவு நல்ல சாயங்காலங்கள் அவை!

ஒருநாள் ரேடியோ வாயை மூடிக்கொண்டது. வீடு மாறுகிற அவசரத்தில், மனைவி தாய்வீடு போயிருந்த நேரம் பார்த்து, ராஜமாணிக்கம் அதைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஊரிலிருந்து திரும்பிய மணியம்மாள் புதுவீட்டின் அலமாரியைப் பார்த்தார். "போனாப் போவுது" என்றார். அதோடு சரி, சண்டைகூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு டேப் வந்தது, டிவி வந்தது, செல்போனும் வந்தது. எது பாடினாலும் மணியம்மாள் ஏதாவது ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கடந்து போய்விடுவார். பாட்டுக்கென்று உட்கார்ந்ததே இல்லை. ராஜமாணிக்கத்துக்கு இது உறைக்கவே பல வருஷம் ஆனது. உறைத்த பிறகு பொறுக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை அவரை உட்கார வைத்துவிட வேண்டும் என்பதற்குத்தான் இந்த வயதில் நாக்கில் கம்பியும் கையில் சூட்டுத் தழும்பும்.

பெட்டி ஒருவழியாய் முடிந்தது. ஸ்விட்சைப் போட்டால் பாட்டுக்கு மேலே "ம்ம்ம்ம்" என்று ஓர் உறுமல், பஸ் ஸ்டாண்டில் கிளம்பாமல் நிற்கிற வண்டிபோல. காசி அதைக் கவிழ்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். எந்தக் காலும் நறுக்கப்படவில்லை. எல்லாம் அடியில் ஒழுங்காக மடித்துப் படிய வைக்கப்பட்டிருந்தன. பாட்டு உள்ளே வருகிற ஒயரோ, முழ நீளத்துக்குச் சுருட்டி நூலால் கட்டியிருந்தது.

"இன்னாண்ணே இது, பேண்ட்டுக்கு விடற மாதிரி விட்டு வெச்சிருக்கீங்க? சுத்தி இருக்கற கரண்ட் சத்தத்தையெல்லாம் இதான் இழுக்குது. கட் பண்ணிடுங்க."

"நாளைக்குப் பிரிக்கணும்னா?"

"இத எவண்ணே பிரிக்கப் போறான்?"

பிரித்துச் சரிசெய்ய வழி வைக்காமல் அவர் எதையும் செய்து பழக்கமில்லை. காசியின் கட்டரை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ஒவ்வொன்றாக நறுக்கினார். ஒயரையும் கட்டை விரல் நீளத்துக்குக் குறைத்தார். ஒவ்வொரு நறுக்குக்கும் முகம் சுளித்தது. உறுமல் போய்விட்டது.

சித்திரை மாத மத்தியானம். "மணி, கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார். மணியம்மாள் கீரை முறத்தோடு நிலைப்படியில் வந்து நின்றார்.

"இன்னாங்க, பாட்டே வரல?"

"இரு, சூடேறட்டும்."

வால்வுக்குள் கங்கு தெரிந்தது. ஏதோ ஒரு பழைய பாட்டு, மெல்ல, அவசரமில்லாமல் வந்தது. ராஜமாணிக்கம் மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மெஷின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொலுசுச் சத்தம் திரும்பி உள்ளே போனது. அவ்வளவுதான், எல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டார்.

தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறி வேகம் குறைந்து நின்றது. கடகடப்பு அடங்கிப் பாட்டு மட்டும் கேட்டது. அனலடிக்கிற அந்த வெயிலில் உள்பக்க ஸ்விட்சில் அதை நிறுத்திவிட்டு வந்த மணியம்மாள், முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.