நடுநிலையாகப் பேசச் சொன்னார்கள்

கபடிக்கு மைக்கில் வர்ணனை சொல்வது, ஆடாமலே மூச்சு வாங்குகிற வேலை. கோயில் விழாவிலோ, கல்யாண மண்டபத்திலோ, பள்ளி ஆண்டு விழாவிலோ மைக்கைப் பிடித்துவிட்டு, இறங்கி வந்ததும் நாலு பேரிடம் பேச்சு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க. நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவள். வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில் மைக்கில் போற்றி சொல்லுவேன், அவ்வளவுதான் மேடைப் பழக்கம். எங்கள் செவிலிமேட்டில் பெண்கள் கபடி நடத்தியபோது, வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. போட்டிக் கமிட்டித் தலைவர் ஏகாம்பரம் அண்ணன் என் வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிட்டார். பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஒரு அம்மா பேசினால் நன்றாக இருக்கும் என்றார். அம்மா பேசினால் என்னவெல்லாம் ஆகும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

யாரைத் திட்டறது?

முதல் ஆட்டம் எங்கள் பெண்களுக்கும் முசரவாக்கத்துப் பெண்களுக்கும். எனக்குக் கபடி பார்க்கத் தெரியும், சொல்லத் தெரியாது. கண்ணில் பட்டதை அப்படியே சொன்னேன். "நம்ம பொண்ணு போறா... தொட்டுட்டா... ஐயோ, நம்ம பொண்ணுங்க நாலு பேரும் சேந்து நம்ம பொண்ணைப் பிடிச்சிட்டாங்க!" எந்த ஊர் புள்ளி எடுத்தாலும் எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். பாதிப் பேர் தட்டினார்கள், மீதிப் பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

இடைவேளையில் எனக்கு டீ கொண்டுவந்தவர் எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, ரொம்ப வருத்தமாகச் சொன்னார்: "யக்கா, ரெண்டு பக்கமும் நம்ம பொண்ணுன்னா நாங்க யாரைத் திட்டறது? அதுக்குன்னே கடையைச் சாத்திட்டு வந்துக்கினு இருக்கிறோம், அதுல மண்ணைப் போடாதீங்க."

விசில் எதுக்கு?

அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதி. முசரவாக்கத்தில் இருந்து ஒல்லியாக ஒரு பெண் ரெய்டு வந்தாள். முன்னால் நிற்கிறவர்களையே பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஓசைப்படாமல் பின்பக்கமாக வந்து காலைப் பிடிக்கக் குனிகிறாள். தெருவில் ஒரு பிள்ளை வண்டி வருவது தெரியாமல் நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். "பின்னாடி பாரு கண்ணு!" என்று கத்திவிட்டேன். கையில் மைக் இருந்தது.

அந்தப் பெண் ஒரே துள்ளு துள்ளித் தன் பக்கம் போய்ச் சேர்ந்தாள். எங்கள் ஊர் மொத்தமும் எழுந்து நின்று என்னைப் பார்த்தது. நடுவராக இருந்த பி.டி. வாத்தியார் ஆட்டத்தை நிறுத்தி, மேஜைக்கு வந்து, கை கூப்பினார். "அம்மா, நடந்ததை மட்டும் சொல்லுங்க. நடக்கப் போறதையும் நீங்களே சொல்லிட்டா எனக்கு விசில் எதுக்கு?"

ஸ்பீக்கர் கோளாறு

சரி, ஊர் கேட்பதைக் கொடுத்துவிடுவோம் என்று அடுத்த ஆட்டத்தில் முழுக்க முழுக்க செவிலிமேட்டுக்காரியாக மாறினேன். "நம்ம சிங்கம் போகுது பாருங்க!" என்று சொன்னால் ஒரே விசில், ஆரவாரம். சைக்கிள் கடைக்காரர் துண்டைச் சுழற்றி ஆடினார். இதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். நான் சொல்லச் சொல்லக் கூட்டம் ஏறுகிறது, கூட்டம் ஏற ஏற நான் இன்னும் சத்தமாகச் சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்து படியிறங்கினால், தோற்ற ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா நின்றிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வேகவைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி என் கையில் கொடுத்து, தொண்டைக்கு இதமாக இருக்கும் சாப்பிடு என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்க பொண்ணுங்க பிடிச்சா பாலாறு வரைக்கும் கேக்குது. எங்க பொண்ணு பிடிச்சா கரண்டு போன மாதிரி ஆயிடுது. ஸ்பீக்கர்ல ஏதாவது கோளாறாம்மா?"

நாடா நின்ற நேரம்

அந்த வேர்க்கடலை இரண்டு நாள் நெஞ்சிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் இந்தியா ஆடுகிற கிரிக்கெட். எங்கள் வீட்டில் டிவி தறி இருக்கும் அறையில்தான். வீட்டுக்காரர் நெய்துகொண்டே கேட்பார். இந்தியா ஜெயித்ததும் வர்ணனை சொல்கிறவருக்குக் குரல் தழுதழுத்து அழுகையே வந்துவிட்டது. எங்கள் மகன் குமரன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவனுக்கு எதுவும் முறைப்படி நடக்கவேண்டும். "கமென்டேட்டர்னா நியூட்ரலா இருக்கணும்பா. அழுதா அவரு ரசிகர், கமென்டேட்டர் இல்ல. உனக்கும் சேத்துதான்மா சொல்றேன்" என்றான்.

எனக்கு அவர் அழுதது தப்பாகவே படவில்லை. அதற்கு முன்னால், எதிர் நாட்டுப் பையன் ஒருத்தன் ஓடிவந்து தரையோடு விழுந்து அருமையாக ஒரு கேட்ச் பிடித்தான். அதை இவர் துக்கச் செய்தி மாதிரி சொன்னாரே, அதுதான் உறுத்தியது. அந்தப் பையனுக்கும் எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள் இல்லையா? "அழட்டும்டா, குதிக்கட்டும். அந்தப் பையன் பிடிச்சதையும் அதே சத்தத்துல சொல்லிட்டு அழட்டும்" என்றேன். குமரன் ஒத்துக்கொள்ளவில்லை. உணர்ச்சி வந்தால் கணக்கு கோணும் என்று வாதாடினான். வீட்டுக்காரர் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "வெறும் ஸ்கோருதான் வேணும்னா அது உன் போன்லயே வருதேடா. மனுசன் ஒருத்தன் கூட உக்காந்து பாக்கறான்னுதானே சவுண்டு வெச்சிருக்கிறேன்."

மாகறலுக்கும் எங்களுக்கும்

இறுதி ஆட்டம் எங்கள் ஊருக்கும் மாகறலுக்கும். மாகறல் அணியில் முக்கியமான ரெய்டர் யார் தெரியுமா? என் மகள் மகேஸ்வரி. கல்யாணம் ஆகி அந்த ஊருக்குப் போனவள், அந்த ஊருக்குத்தானே ஆடுவாள்.

முதல் நாளே ஏகாம்பரம் அண்ணன் வந்துவிட்டார். "சென்னைல இருந்து ஒரு ஆளு பேச வரேன்றாரும்மா. இந்த ஆட்டம் பாப்போம். ஒரு பக்கமா சாஞ்சிட்டீங்கன்னு பேச்சு வந்தா, அடுத்த வருஷம் மைக்கு அவருக்குத்தான். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். சரி அண்ணா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். உள்ளே வந்து அடுப்படியில் நின்றபோது அழுகை முட்டியது. வீட்டில் நான் ஒன்றை மூன்று தடவை சொன்னாலும் ஒருத்தர் காதிலும் விழாது. மைதானத்தில் ஒரு தடவை சொன்னால் ஊரே நின்று கேட்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

மறுநாள் தராசு முள் மாதிரி பேசினேன். மகள் பெயரையே சொல்லவில்லை. "மாகறல் வீராங்கனை" என்றேன். அவள் தொட்டாலும் ஒரே சத்தம், அவளை அமுக்கினாலும் ஒரே சத்தம். குமரன்கூடக் கூட்டத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கடைசி ரெய்டு வந்தது. மாகறல் ஒரு புள்ளி பின்னால். வந்தவள் மகேஸ்வரி. "கபடி, கபடி" என்று விடாமல் பாடிக்கொண்டே போய், தொட்டு, பாடிக்கொண்டே திரும்ப வேண்டும். நடுவில் பாட்டு விட்டுப்போனால் அவுட்.

என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடி, மைக்கை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு முணுமுணுத்தேன்: "காமாட்சி தாயே, எம் பொண்ணு ஜெயிக்கணும். எங்க ஊரும் தோக்கக் கூடாது. எப்படின்னு என்னைக் கேக்காத, அதை நீயே பாத்துக்கோ." நான் மனசுக்குள் சொன்னதாக நினைத்தது நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

"கபடி, கபடி" நின்றது. சிரிப்புச் சத்தம் கேட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு? கண்ணைத் திறந்தால், மகேஸ்வரி எதிரிகள் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பிடிக்க வேண்டிய பெண்கள் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். பி.டி. வாத்தியார் விசிலை வாயில் வைத்துவிட்டு ஊத முடியாமல் குலுங்கி, கடைசியில் ஒரு வழியாக ஊதி, அவுட் என்று கையைத் தூக்கினார். எங்கள் ஊர் ஜெயித்துவிட்டது.

உடனே மாகறல்காரர்கள் மேஜைக்கு ஓடிவந்தார்கள். "எங்க பொண்ணைச் சிரிக்க வெச்சே அவுட்டாக்கிட்டாங்க!" எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் இருந்து வந்தார்கள். "மைக்கு நம்முது, வேண்டுதல் மாகறலுக்கா?" வாத்தியார், வேண்டுமானால் அந்த ரெய்டை மறுபடி ஆடலாம் என்றார். மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வேணாம் சார். எங்கம்மா சாமிகிட்ட இப்படி பேரம் பேசறதைப் பொறந்ததுல இருந்து கேட்டுக்கினு இருக்கிறேன். இன்னும் சிரிக்காம இருக்கத் தெரியலைன்னா அது என் தப்பு" என்று சொல்லிவிட்டாள்.

எனக்குத்தான் எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டதே. மைக்கை ஏகாம்பரம் அண்ணனிடம் நீட்டினேன். அவர் இரண்டு ஊரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். மைக்கை ஊதிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு ஊரும் ஒரே ஆளு மேல புகார் குடுத்திருக்குது. இதைவிட நடுநிலையா ஒருத்தர் எப்படிப்பா பேச முடியும்? சென்னை ஆளை வர வேணாம்னு சொல்லிடுங்க. இந்தாங்கம்மா, கோப்பை யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

மனசு எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதுதான் நடுநிலை என்று என் மகன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான், எனக்குத் தெரிந்த நடுநிலையோ, மனசு சாய்கிறபடி சாயட்டும் என்று விட்டுவிட்டு, புள்ளியை மட்டும் நேராகச் சொல்லி, சாமி கும்பிடுவதற்கு முன்னால் ஞாபகமாக மைக்கை அணைத்துவிடுவது.