மாவுக்கட்டும் மரியாதையும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் கிளப்பில் ஸ்னூக்கர் ஃபைனல்.

சங்கரன்கோவிலில் ஸ்னூக்கரா, மேஜையில் பந்தைக் கம்பால் அடித்துக் குழியில் தள்ளும் அந்த விளையாட்டா என்று கேட்காதீர்கள். ஏதோ ஒரு ஜமீன் பங்களாவை விற்றபோது லாரி ஏறி வந்த மேஜை ஒன்று இருக்கிறது. பச்சைத் துணியில் இரண்டு ஒட்டு. அதனால் என்ன... வருடா வருடம் போட்டி உண்டு, கோப்பை உண்டு.

இந்தத் தடவை டி.வி. படத்தைக்கூட விட்டுவிட்டுக் கூட்டம் வந்திருந்தது. காரணம், ஞானதுரையின் மாவுக்கட்டு.

ஞானதுரை ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். எங்கள் கிளப்பின் சாம்பியன். ஃபைனலுக்குள் நுழைந்த பிறகு, கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் குறுக்கே வந்த ஆட்டுக்கு வழிவிடப் போய், மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். ஆடு பிழைத்தது. இவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

எதிராளி வேலாயுதம், கரண்ட் ஆபீஸ் இன்ஜினீயர். வயதில் இளையவர். போட்டியைத் தள்ளிவைக்கவும் வழியில்லை — அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டது, திங்கட்கிழமை கிளம்பியாக வேண்டும். கோப்பையை இருவருக்கும் பொதுவாக அறிவித்துவிடலாம் என்று அவரே சொல்லிப் பார்த்தார். பங்கு போட அது என்ன வயலா என்று கேட்டுவிட்டாராம் ஞானதுரை.

அதோடு நிற்கவில்லை. தினமும் ஸ்கூல் விட்டதும் கிளப்புக்கு வந்து இடது கையால் ஆடிப் பழகினார். மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வலது கை விரல்கள்மேல் கம்பைத் தாங்கி, இடது கையால் அடிப்பது. முதல் நாள் வெள்ளைப் பந்து மேஜையிலிருந்து துள்ளி, வாசல் வரை உருண்டதாம். விஷயம் தெரிந்து வீட்டில் அவர் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாராம்.

மூன்று ஆட்டம். இரண்டு ஜெயித்தால் கோப்பை.

முதல் ஆட்டம் தொடங்கியது. ஞானதுரை இடது கையால் ஆடி முடித்து ஒதுங்கினார். வேலாயுதம் மேஜைக்கு வந்தார். ஒரு விநாடி யோசித்தார். கம்பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

கிளப்பே கை தட்டியது. நானும்தான். என்ன பெருந்தன்மை!

ஞானதுரை மட்டும் தட்டவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்தார்.

"வேலாயுதம், ஒம்ம வலது கைக்கு என்னவே செய்யுது?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆடுனா சரியா இருக்கும்னுதான்..."

"எனக்கு ஒடஞ்சது எலும்பு. அது கூடிரும். நீரு விட்டுக்குடுத்து நான் ஜெயிச்சா, அந்தக் கோப்பைய எங்கன கொண்டு வைப்பேன்?"

குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எங்கள் எல்லோருக்கும் சுருக்கென்றது. வேலாயுதத்தின் முகம் சிவந்துவிட்டது. கம்பை வலது கைக்கு மாற்றினார். அப்புறம் ஆடினார் பாருங்கள்... முதல் ஆட்டம் அவருக்கு.

ஆனால் கணக்கு வாத்தியார் சும்மா இருப்பாரா? பந்தைக் குழியில் போடுவதை விட்டுவிட்டு, அடிக்க வேண்டிய பந்துக்கு நேர்வழி கிடைக்காதபடி வெள்ளைப் பந்தை மற்றப் பந்துகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தே வேலாயுதத்தைத் திணறடித்தார். இரண்டாவது ஆட்டம் இவருக்கு.

மூன்றாவதில் பிங்க், கறுப்பு — இரண்டு பந்துதான் பாக்கி. ஞானதுரை சில புள்ளிகள் முன்னால். பிங்க் விழுந்தால் கோப்பை. குனிந்தார். குறி பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"ஃபவுல். கட்டு கறுப்புல பட்டுட்டு."

ரெஃப்ரியாக நின்ற கிளப் செக்ரட்டரி, நான் பார்க்கவில்லையே என்றார். யாருமே பார்க்கவில்லை.

"நான் பாத்தேன்" என்றார் ஞானதுரை.

எதிராளிக்கு ஏழு புள்ளி. அடிக்கிற வாய்ப்பும் அவருக்கு. இப்போது வேலாயுதம் பிங்க்கைப் போட்டால் கதை முடிந்தது. போடுவாரா... இல்லை, இப்படிப்பட்ட மனிதரைத் தோற்கடிக்க மனசில்லாமல் வேண்டுமென்றே தவறவிடுவாரா? எங்களுக்கெல்லாம் அதுதான் கவலை. வேலாயுதம் தலைதூக்கி ஞானதுரையைப் பார்த்தார். ஞானதுரையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலாயுதம் குனிந்து, நிதானமாக, வலது கையால் அடித்தார். பிங்க் குழிக்குள் இறங்கியது.

முதல் ஆளாக மேஜை விளிம்பைத் தட்டிப் பாராட்டியவர் ஞானதுரை. வேலாயுதம் கம்பைப் போட்டுவிட்டு வந்து அவரைக் கட்டிக்கொண்டார், கட்டுப் போட்ட கையில் இடிக்காமல்.

விளையாட்டில் மரியாதை என்றால் விட்டுக்கொடுப்பது என்றே நினைத்திருந்தேன். ஒருவரைச் சரிசமமாக மதிக்கிறோமா? அப்படியென்றால் முழு பலத்தோடு மோதுவதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை. தோற்றவரும் ஜெயித்தவரும் சேர்ந்து இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை வேலாயுதத்தை பஸ் ஏற்றிவிட ஸ்டாண்டுக்கு ஞானதுரையும் வந்திருந்தார். பஸ் நகரும்போது ஜன்னலோரம் போய், "அடுத்த வருசம் கண்டிப்பா ஆட வாரும்வே. அப்ப எனக்கு ரெண்டு கையும் ஆடும்" என்றார்.

அழைப்பு மாதிரித்தான் சொன்னார்... ஆனால் வேலாயுதம் எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன்!