வெற்றிலை வாய்க்கு வைத்தியம்

வாயைத் திறக்கச் சொல்வது என் தொழில். திறந்த வாயிலிருந்து முதலில் வருவது வெற்றிலை வாசம், அடுத்து வருவது பொய். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பல் வைத்தியம் பார்க்கிறேன். இதே தொழிலில் மாரடிக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்பட்டுக்கொண்டே படியுங்கள்.

சிவந்த நாக்கு

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில்தான் எங்கள் முகாம். பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்தார் பார்வதி அக்கா. எனக்குப் பல்லா தெரிந்தது? இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு படை. வாயும் முழுதாகத் திறக்கவில்லை. வெற்றிலை போடுவீங்களா என்றேன். தொடுவதே இல்லையாம். பிறகு நாக்கு ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்றேன்.

"அது பீட்ரூட்டுங்க டாக்டரம்மா. காலையில ரொட்டிக்கு அதான் கறி."

சமாதானக்காரர்கள்

புற்றுநோய்க்கு முந்திய படையாக இருக்கலாம், புற்றாகவே மாறியும் இருக்கலாம், துளி சதை எடுத்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றேன். சுண்ணாம்பு சுட்டதுதான், ஆறிவிடும் என்றார். பீட்ரூட் பொய் அதோடு போயிற்று.

எனக்கு வந்த கோபத்தில் பாடமே நடத்தினேன். இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் கெட்டதைத் தாக்குகிறவை உண்டு, அவற்றை அடக்கி வைக்கிறவையும் உண்டு. தாக்குகிறவை ஓயாமல் தாக்கினால் நல்ல சதையும் புண்ணாகும். அடக்குகிறவை மிஞ்சினால் புற்று தப்பிவிடும். இரண்டும் சமமாக இருக்கவேண்டும், தினமும் பாக்கை மென்றால் அந்தச் சமநிலை கெடும் என்றேன். கவனமாகக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப நம்ம தோட்டம் மாதிரிதாங்க. சண்ட போடுற ஆளு கொறஞ்சி, சமாதானம் பேசுறவன் கூடிட்டா ஒண்ணும் நடக்காது."

இவ்வளவு விளங்கியவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

அட்டைக்கு மருந்து

மழையில் வழுக்கி வழுக்கி நானே மலைக்கு ஏறினேன். கொழுந்துக் கூடையோடு நின்ற அக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. புகையிலையை விட்டுவிட்டாராம், வெறும் வெற்றிலையும் பாக்கும்தானாம். பாக்கே எமன் என்று கத்தினேன். செத்துப்போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்றும் கேட்டுவிட்டேன். அதற்குள் என் கணுக்காலில் ஒரு அட்டை ஏறியிருந்தது. அக்கா குனிந்து அதன்மேல் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அட்டை சுருண்டு விழுந்தது.

"இத விட்டுட்டா இந்த அட்டைய எல்லாம் யாரு டாக்டரம்மா பாக்குறது?"

மரியாதை

கடைசியில் அக்காவின் கணவரே அவரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார். துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன், முடிவும் வந்தது. புற்று இல்லை, ஆனால் வாசல்படியில் நிற்கிறது. பாக்கை அடியோடு விடவேண்டும், படையை விடாமல் காட்டவேண்டும் என்றேன். அக்கா அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

அடுத்த முகாமில் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்தார். நாக்கில் வெற்றிலைச் சிவப்பு போயிருந்தது. படை அப்படியேதான் இருந்தது, ஆனால் பரவவில்லை. மனம் குளிர்ந்து நிமிர்ந்தால், இரண்டு கையாலும் ஒரு கட்டு நீட்டுகிறார். இளம் வெற்றிலை, நடுவில் கொட்டைப் பாக்கு.

"நான் விட்டுட்டேங்க. ஆனா உசிரக் காப்பாத்துனவங்கள வெத்தல குடுக்காம எப்படிங்க கும்பிடுறது?"

வெற்றிலையை ஒழிக்க மலையேறிய எனக்கு இந்த மலையில் இதுவரை கிடைத்த ஒரே மரியாதை, அந்த வெற்றிலைக் கட்டுதான்.