மாமாவின் இடது முழங்கால்

எங்கள் சாய்ந்தமருதில் கடலுக்குப் போகிறவர்கள் உண்டு, வயலுக்குப் போகிறவர்கள் உண்டு, கட்டாருக்குப் போகிறவர்களும் உண்டு. ஆகாயத்துக்குப் போகிறவர் எங்கள் மாமா ஒருவர்தான். உம்மாவின் ஒரே தம்பி. நோர்வேயில் இரண்டு நீளப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, உயரமான பனிமேடையில் சறுக்கி வந்து, மேடை முடிகிற இடத்தில் அந்தரத்தில் பாய்ந்து, வெகுதூரம் தள்ளிக் கீழே இறங்குவது அவருடைய தொழில். இதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை நம்ப வாப்பாவுக்குத்தான் கொஞ்சக் காலம் எடுத்தது.

மாமா கைபேசிக்குப் படங்கள் அனுப்புவார். தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு மனிதர் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு காற்றில் சாய்ந்து வருவார். மூக்கு மட்டும் தெரியும். அது எங்கள் குடும்பத்து மூக்கேதான் என்று பெரியும்மா சத்தியம் பண்ணினார். சின்ன மேடையில் தொடங்கியது, பெரிய மேடைக்கு ஏறியது, ஒரு போட்டியில் மூன்றாவதாக வந்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே நான் ஒரு பெரிய ஆளாகிவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஒரு நாள் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. கை நாறுகிறது என்று நான்தான் கைபேசியை உம்மாவின் காதருகே பிடித்தேன். மாமா விக்கி விக்கி அழுதார்.

“ராத்தா, விழுந்தாச்சு. முழங்கால் போயிட்டு ராத்தா. இடது முழங்கால்.”

வெட்டிய மீனை அப்படியே போட்டுவிட்டு உம்மா கை கழுவப் போனார். அன்றைக்கு மாமாவுக்காக வீட்டில் யாசீன் சூரா ஓதினோம். கால் சுகமானால் கந்தூரிச் சோறு ஆக்கி நாலு பேருக்குக் கொடுப்பதாக உம்மா நேர்ந்துகொண்டார். நானும் ஒவ்வொரு மஃரிப் தொழுகைக்குப் பிறகும் துஆக் கேட்டேன். தவறிப்போய் மற்றக் கால் சுகமாகிவிடக் கூடாது என்பதற்காக, இடது கால், இடது கால் என்று இரண்டு தரம் சொல்வேன்.

அடுத்த வருடம் மாமா லீவில் வந்தார். கால் நன்றாகவே இருந்தது. சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவரின் மகளை அவருக்குப் பேசியிருந்தார்கள். ஆலைக்காரர் ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். குறை இருந்தால் பரவாயில்லை, பொய் மட்டும் கூடாது. உம்மா நேர்ச்சைச் சோற்றுக்கே அவரையும் அழைத்துவிட்டார்.

பெரிய சஹன் தட்டில் சோறு வந்தது. சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும். மாமா யோசிக்காமல் பட்டென்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே இருந்த ஆலைக்காரர் அந்த மடிந்த கால்களையே பார்த்தார்.

“எந்தக் கால் மகன் ஒடஞ்ச?”

மாமாவின் கை சோற்றில் நின்றது. பிறகு வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

கதவுத் திரைக்குப் பின்னால் உம்மாவோடு நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருடம் துஆக் கேட்டவள் நான். “இடது கால்...” என்று தொடங்கியதும் உம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு திரைக்குள் இருந்தே உம்மா சொன்னார்:

“ரெண்டு காலும்தான். முதல்ல அது, பொறகு இது. எங்களுக்கிட்டயும் ஒழுங்காச் சொல்லாம இரிந்த.”

ஆலைக்காரர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு ஒரு பெரிய இறைச்சித் துண்டை மாமாவின் பக்கம் தள்ளிவைத்தார். நிக்காஹ் நடந்தது. மாமா திரும்பிப் போகவில்லை. ஆனால் நான் உம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்று என்னைப் பயமுறுத்திய அதே உம்மா!

பல வருடங்கள் கழித்து, போன வருடம் சம்மாந்துறைக்கு மாமா வீட்டுக்குப் போனபோது அவர் தன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர் தலைக்கவசத்தைக் கழற்றிச் சனங்களுக்குக் கையசைத்தார். அதுதான் அவருடைய கடைசிப் பாய்ச்சலாம். முழங்கால் உடைந்து, டாக்டர்மார் வேண்டாம் என்று சொல்லியும் திரும்ப மேடை ஏறி, அதன் பிறகும் பல வருடம் பாய்ந்த மனிதர்.

“நான் பாயல்ல மகள். நான் அனுப்பின படமெல்லாம் இவர்ட படம்தான். இவர் எறங்குற எடத்துல பனிய மிதிச்சி இறுக்குற வேல எனக்கு. இவர் விழுந்த அண்டைக்கு அந்தப் பக்கம் மிதிச்ச நான்தான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. எங்களுக்குத் தெரியாமலே தன் வாழ்க்கையை இரவல் தந்த அந்த மனிதருக்கு நன்றி சொல்லத்தான் தோன்றியது. நான் கேட்ட துஆ எல்லாம் அவருடைய இடது காலுக்குத்தான் போயிருக்கிறது. நல்ல வேளை, காலைச் சரியாகச் சொன்னேன்.

பெரிய இரகசியத்தைக் கொண்டுவந்தவள் போல வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

“அவன் பாயல்ல எண்டு முதல் படத்திலயே எனக்குத் தெரியும். நம்மட ஆக்கள்ட மூக்கா அது?” என்றார். கையில் இருந்த சாரத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார். “ஆனா அண்டைக்கு அழுதானே, அது எண்ட தம்பிட அழுகதான். அதுக்குத்தான் மகள் நான் யாசீன் ஓதின.”