தொப்பை ஜன்னலுக்கு ஒரு தட்டி

மைசூரில் சாமராஜபுரத்தில் நாங்கள் குடிபோன வீடு, பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் தனக்காகக் கட்டிக்கொண்டது. சமையலறை இருட்டு. கிணற்றடிக்குப் போக வீட்டையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஆனால் கூடத்தில் மட்டும் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், சுவரை விட்டு வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். மூன்று பக்கமும் கண்ணாடிக் கதவு, உள்ளே உட்கார ஒரு நீளப் பலகை. என் அகத்துக்காரர் அதில்தான் மயங்கினார். அவர் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். மேலதிகாரி வீட்டில் இதே மாதிரி ஜன்னல் இருக்கிறதாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "பே விண்டோ, பே விண்டோ" என்று சொல்லிப் பிராணனை வாங்கினார். அவருடைய அக்கா ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆத்துக்குத் தொப்பை போட்டிருக்கு" என்றாள். அவள் சொல்லி நான் ஒப்புக்கொண்ட வெகு சில விஷயங்களில் அது ஒன்று.

இந்த அக்கா, என் நாத்தனார். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, தலைமுடியை எடுத்து, நார்மடிப் புடவையும் முக்காடுமாகத் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். நான் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே சமையலறை அவளுடையதாகிவிட்டது. விடியும் முன் பச்சைத் தண்ணீரில் குளித்து மடி உடுத்திக்கொண்டாளானால், தளிகை முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை எங்களில் ஒருவரையும் தொட மாட்டாள். நாங்கள் புழங்கும் நூல் துணி அவள் மேல் பட்டாலே மடி போயிற்று, மறுபடி குளிக்க வேண்டும். பட்டும் கம்பளியும் பட்டால் பாதகமில்லை. நான் ஆசையாகப் பண்ணின சாத்தமுதை, அதாவது ரசத்தை, எட்டிப் பார்த்து, "இதைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ண வேண்டாம், மாட்டுக்கு ஊத்து" என்றவள் அவள். எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவளுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை.

புது வீட்டுக்கு வந்த முதல் வாரமே அந்த ஜன்னல் பலகையை அவள் பிடித்துக்கொண்டாள். தளிகையை முடித்துவிட்டு, தம்பி சாப்பிட வருகிற வரைக்கும் நேராக அங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். முன்பிருந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த வெளியுலகம் கொல்லைப்புறத்து மதில் சுவர்தான். நானும் அந்தப் பலகை மேல் கண் வைத்திருந்தேன். தையல் வேலைக்கு அவ்வளவு வெளிச்சம் வேறு எங்கே கிடைக்கும்? நான் போனால் அவள் நகர மாட்டாள். மடியாக உட்கார்ந்திருப்பவளை நான் எப்படித் தள்ளுவது? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவேன்.

சரி, ஜன்னலுக்குத் திரையாவது என் இஷ்டப்படி போடுவோம் என்று கடைத்தெருவுக்குப் போய், இளம்பச்சையில் பொடிப் பூப் போட்ட மெல்லிய நூல் துணி வாங்கிவந்தேன். கடைக்காரர் பத்துத் தினுசு பிரித்துக் காட்டினார். அதில்தான் வெளிச்சமும் வரும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிற்று. நானே தைத்து நானே மாட்டினேன். மைசூர் ஆடிக்காற்று உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. மறுநாளே திரை பறந்து போய் அவள் முதுகைத் தடவிவிட்டது.

"ஐயோ, மடி போச்சு! ஏண்டி, வேணும்னே வாங்கிண்டு வந்தியா?"

"காத்தை நானா கூப்பிட்டேன்? பயமா இருந்தா உள்ளே போய் ஒக்காருங்கோ."

"நான் எதுக்குப் போகணும்? பட்டு வாங்கிப் போடு!"

"ஜன்னலுக்குப் பட்டா? எனக்கே என் தகப்பனார் வாங்கிக் கொடுத்ததோட சரி!"

அன்று அவள் குளித்தாள், மறுநாளும் குளித்தாள். குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு என்னைத் திட்டுவாள், நானும் பதிலுக்குக் கொடுப்பேன். கடைசியில் தினமும் காலையில் நானே திரையைக் கொத்தாகச் சுருட்டி ஓரத்தில் கட்டிவைக்க வேண்டும் என்று ஆயிற்று. அவ்வளவு ஆசையாகத் தைத்த திரை அங்கே அழுக்கு மூட்டை மாதிரி தொங்கியது. ஜன்னல் பட்டவர்த்தனமாகத் திறந்து கிடந்தது.

அதில்தான் வந்தது எதிர்வீட்டு மாமாவோடு வம்பு. அவரும் எங்களவர்தான். பெரிய திருமண், ஜரிகைத் தலைப்பாகை, கச்சேரியில் என் அகத்துக்காரருக்கு மேலே. மனுஷர் சகுனம் பார்க்காமல் வாசல்படி தாண்ட மாட்டார். தினமும் அவர் கிளம்பும்போது அவர் மனைவி முன்னாலேயே போய் நின்றுகொண்டு, நிறைகுடத்தோடு எதிரே நடந்து வர வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் ஜட்கா வண்டியில் ஏறுவார். ஒரு நாள் குடத்தைத் தாண்டி அவர் கண் எங்கள் ஜன்னலுக்கு வந்தது. முக்காட்டோடு என் நாத்தனார். திரும்பி உள்ளே போனார், தண்ணீர் குடித்தார், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவள் அங்கேயே இருந்தாள். மறுபடி உள்ளே போனார்.

இரண்டு நாள் பொறுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா நெனச்சுக்கப்படாது ஸ்வாமி. கார்யமா பொறப்படற வேளை. எதிர்க்க வந்தா ஒதுங்கிப் போகலாம். ஜன்னல்ல ஒக்காந்துண்டிருந்தா நான் எங்கே ஒதுங்கறது? மூணு பக்கமும் தெரியறதே!"

என் அகத்துக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆகட்டும் ஸ்வாமி, நல்ல கனமா ஒரு படுதா போட்டுடறேன்" என்றார். சொந்த அக்கா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லக் கூடாதா? அந்தக் காப்பியை ஏன் கொடுத்தோம் என்று எனக்கு இருந்தது.

ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரருடைய சாமான்களை ஏலம் போட்டார்கள். அங்கேயிருந்து கருஞ்சிவப்பு வெல்வெட்டுப் படுதா வந்து சேர்ந்தது. குஞ்சலம் வேறே. மூன்று பக்கமும் மாட்டினதும் கூடம் கிடங்கு மாதிரி ஆயிற்று. நடுப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. என் அகத்துக்காரர் அதைத் தடவித் தடவிப் பார்த்து, "பட்டு வெல்வெட்டாக்கும், அக்கா தொட்டாலும் தோஷமில்லே" என்றார். நாத்தனார் என்னை ஒரு இழை உருவச் சொன்னாள். அகல் விளக்கில் காட்டச் சொன்னாள். பட்டானால் மயிர் கருகுகிற நாற்றம் வரும். இது காகிதம் மாதிரி எரிந்தது. அசல் நூல். ஆக, அந்தப் படுதாவை விரலால் விலக்கி எட்டிப் பார்க்கக்கூட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

அதற்கப்புறம் அவள் என்னோடு சண்டையே போடவில்லை. தளிகையை முடிப்பாள், இருட்டுச் சமையலறையிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். நான் வேண்டுமென்றே புளியை அதிகமாகக் கரைத்துவிட்டுக்கூடப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தபோது, பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்தத் தெருக்கோடி ஜட்காக்காரன் குதிரை நொண்டிண்டிருந்துதே, கால் சரியாப் போச்சா?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. பரிவு என்று யாரும் நினைக்க வேண்டாம், அவள் மேல் எனக்குப் பரிவு ஏது? ஒரு பொம்மனாட்டி தன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து ஒரு நொண்டிக் குதிரையைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட இந்த எதிர்வீட்டுத் தலைப்பாகை யார்? அவளைத் திட்ட உரிமை எனக்கு இருக்கிறது. அந்த மனுஷருக்கு என்ன இருக்கிறது?

பெண்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய சிம்புகளைக் கோத்திருப்பார்கள், கயிற்றை இழுத்தால் சுருண்டு மேலே போகும், விட்டால் இறங்கும். பகலில் உள்ளேயிருந்து தெருவில் போகிற ஈ காக்கைகூடத் தெரியும். வெளியேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அன்று இரவு சாப்பிட உட்கார்ந்த என் அகத்துக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"படுதாவைக் கழட்டிட்டுத் தட்டி போடுங்கோ."

"கச்சேரி மாதிரி இருக்கும்டி. பே விண்டோவுக்கு வெல்வெட்டுதான் அழகு."

"எதிராத்து மாமாவுக்காக நான் பகல்ல விளக்கு வெச்சுண்டு தடுமாறணுமா? அவர் கண்ணுக்கு அக்கா தெரியப்படாது, அவ்வளவுதானே? தெரிய மாட்டா. போடறேளா, இல்லே அந்த வெல்வெட்டுல உங்களுக்கு ஒரு கோட்டு தைச்சு மாட்டி விடட்டுமா?"

மூங்கில் வேலைக்காரர் வந்து அளவெடுத்து, மூன்று தட்டி செய்து, வெளிப்பக்கம் பச்சை வர்ணம் அடித்துக் கொண்டுவந்தார். நாத்தனார் பார்த்ததும் முதல் பேச்சு, "விளிம்புல நூல் நாடா தைச்சிருக்கே!" மூங்கில் பட்டால் பரவாயில்லை, நாடா பட்டால் மடி போகும். உயிர் வந்துவிட்டது பாருங்கள் அவளுக்கு! முணுமுணுத்துக்கொண்டே என் பழைய பட்டுப் புடவை ஒன்றைக் கிழித்து விளிம்பு கட்டினேன். "பாவாடைக்கு வெச்ச மாதிரி கோணலா இருக்கு" என்றாள். இழுக்கிற கயிறு மட்டும் நூலாகவே இருந்தது. பட்டில் முறுக்கிப் பார்த்தால் வழுக்கிற்று. அதனால் தினமும் காலையில் உள்ளேயிருந்து குரல் வரும், "ஏண்டி, தட்டியை இறக்கு!" நான் போய் இறக்க வேண்டும். முதல் நாள் அவளை உட்கார வைத்துவிட்டு நான் தெருவில் போய் நின்று பார்த்தேன். பச்சைத் தட்டியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டு மாமா என் அகத்துக்காரரைக் கூப்பிட்டு உபசாரமாக நாலு வார்த்தை சொன்னார்.

இரண்டு மூன்று நாளில்தான் கவனித்தேன். மற்ற நேரம் பலகையின் எந்த மூலையிலாவது இருப்பாள். அவர் கிளம்புகிற சமயம் மட்டும் நடுத் தட்டிக்கு நேரே வந்து, நிமிர்ந்து உட்காருவாள். குடம் எதிரே வரும், அவர் திருப்தியாகத் தலையை ஆட்டுவார், ஜட்காவில் ஏறுவார். இவள் இமைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எதுக்கு அக்கா இது?"

"என் எதிர்க்க போகட்டும். என்ன ஆறதுன்னு பார்க்கறேன்."

ஒன்றும் ஆகவில்லை. வருஷக்கணக்காகத் தினமும் அவர் அவள் எதிரில்தான் கிளம்பினார். உத்தியோகம் உயர்ந்தது, பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று, வீட்டுக்கு மாடி எழுந்தது. அவருக்குத் தலைவலி வந்ததாகக்கூட நாங்கள் கேள்விப்படவில்லை. முதலில் அவளுக்கு இதில் கோபமா சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் குடும்பத்தில் நல்லது ஒன்று நடந்தால், "பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

பிறகு அவருக்குப் பெங்களூரில் பெரிய பதவி கிடைத்தது. கிளம்புகிறதற்கு முதல் நாள் சாயங்காலம் சொல்லிக்கொள்ள வந்தார். அதே நாற்காலி, அதே காப்பி.

"எல்லாம் பெருமாள் கிருபை. அதுக்கப்புறம் சகுனம். நீங்க அந்தத் தட்டியைப் போட்டேளே ஸ்வாமி, அன்னிலேர்ந்து ஒரு நாள் எனக்குக் கெட்ட சகுனம்னு ஆனதில்லே. எல்லார்கிட்டயும் இதைச் சொல்றேன்."

என் அகத்துக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். நடையில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள் நாத்தனார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

நாங்கள் வைதுகொள்ளாமல் பேசின வெகு சில பேச்சுகளில் அது ஒன்று.

மறுநாள் எதிர்வீட்டு வாசலில் கூட்டம். மூட்டை முடிச்சுகள் முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டன. அவர் கழுத்தில் மாலையோடு வாசல்படியில் நின்றார். அவர் மனைவி நிறைகுடத்தோடு தெருக்கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். என் நாத்தனார் நடுத் தட்டிக்கு நேரே வந்து உட்கார்ந்தாள், உடனே எழுந்து நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கயிற்றில் கை வைத்தேன்.

"இருங்கோ அக்கா, நூல் கயிறு. உங்களுக்கு மடி. நான் தூக்கறேன்."

"விலகுடி. நீ தூக்கினா நீ தூக்கினதாப் போயிடும்."

என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி இழுத்தாள். தட்டி கரகரவென்று சுருண்டு உச்சிக்குப் போயிற்று. கயிற்றை ஆணியில் சுற்றிவிட்டு, கண்ணாடிக் கதவையும் தள்ளித் திறந்தாள். வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. அவர் ஒரு காலை ஜட்காப் படியில் வைத்திருந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இத்தனை வருஷமா தினம் என் எதிர்க்கதான் போயிண்டிருக்கேள்" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. "நான் இங்கேதான் ஒக்காந்திருந்தேன், ஒரு நாள் தவறாம. நன்னாத்தானே இருக்கேள்? இன்னிக்கும் நன்னாப் போய்ட்டு வாங்கோ."

அவர் முகம் வெளுத்துப் போயிற்று. காலைக் கீழே வைத்தார், வீட்டைத் திரும்பிப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஸ்வாமி, ரயிலு ஹோகுத்தே" என்று ஜட்காக்காரன் கன்னடத்தில் அவசரப்படுத்தினான். இவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற வரை ரயில் நிற்குமா? ஏறினார். ஜட்கா கோடி திரும்புகிற வரைக்கும் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள். என்னையும் பார்த்தாள்.

"மரம் மாதிரி நிக்கறியே. மடி போச்சு, மறுபடி குளிக்கணும். போய்த் தண்ணி இழு."

முணுமுணுத்துக்கொண்டே கிணற்றடிக்கு நடந்தேன். பாதி வழியில் அவள் குரல் துரத்திக்கொண்டு வந்தது.

"தட்டியை இறக்கிடாதே!"